கோதண்டத்தின் இடது கால்

வலது காலுக்கென்று செய்ததை இடது செருப்பிலும், இடது காலுக்கென்று செய்ததை வலது செருப்பிலும் வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுவதும் நான் நடந்திருக்கிறேன். நடந்ததோடு நிறுத்தியிருந்தால் அது என் காலோடு போயிருக்கும். ஆனால் அந்த மழைக்காலத்தில்தான், "பாதத்துக்கு அடியில் ஒரு மேடு கொடுத்தால் உடம்பே பறக்கிறது" என்று ராஜபாளையத்துக் காப்பிக் கடைகளிலும் எங்கள் சர்ச் வாசலிலும் பிரசங்கம் செய்துகொண்டு திரிந்தேன். இரண்டொருவர் நம்பவும் செய்தார்கள். அவர்கள் கால்கள் என்னை மன்னிக்கட்டும்.

இதை இப்போது எழுதக் காரணம், மில்லில் என் பழைய டிபார்ட்மெண்டில் இருக்கும் பையன்கள். அங்கே செயற்கை ரப்பர் உறை வந்துவிட்டதாம். பெட்டியைப் பிரித்து ரோலரில் மாட்டினால் வேலை முடிந்தது. "நீங்க தோல் ஒட்டுன காலத்தப் பத்தி மில் மன்ற மலருக்கு எழுதுங்க அண்ணாச்சி" என்று கேட்டார்கள். நானும் தோலைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். திரும்பத் திரும்பக் கால்தான் முன்னால் வந்து நிற்கிறது.

இருந்தாலும் கேட்டதற்குக் கொஞ்சமாவது சொல்லிவிடுகிறேன். நூற்பு மெஷினில் பஞ்சை இழுத்து இழையாக்குவது மேலும் கீழுமாக உருளும் இரண்டு ரோலர்கள். இரண்டும் இரும்பாகவே இருந்தால் இழை ஒன்று நசுங்கும், அல்லது வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே மேல் ரோலருக்கு ஒரு சட்டை போட வேண்டும். முதலில் கம்பளி இழையை அழுத்திச் செய்த ஃபெல்ட்டை அளவாக வெட்டி, விளிம்புகள் முட்டிக்கொள்ளாமலும் இடைவெளி விடாமலும் இரும்பைச் சுற்றிப் பசையால் ஒட்டுவோம். அதன்மேல் ஆட்டுத்தோல். தோலின் இரு ஓரங்களையும் கத்தியால் சரிவாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் குழாயாக்கி, இழுத்து மாட்டி, வாய்களை மடக்கித் தேய்க்க வேண்டும். ஒட்டு இருக்கும் இடம் விரலுக்குத் தெரியக் கூடாது. விரலுக்குத் தெரிந்தால் நூலில் தடிப்பு விழும். நூலில் தடிப்பு விழுந்தால் மேஸ்திரி வருவார்.

நான் மதுரையில் ஒரு மில்லில் தொழில் பழகினேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்லும்படி ஒன்றுமில்லை. பசை காய்ச்சினேன், திட்டு வாங்கினேன், இரண்டிலும் நல்ல தேர்ச்சி பெற்றேன். ராஜபாளையத்தில் புதிதாக மில் எழும்பியபோது இங்கே வந்து சேர்ந்தேன். தோலைத் தொடுகிற வேலை என்பதால் பலர் அந்த டிபார்ட்மெண்டுப் பக்கமே தலைவைக்கவில்லை. எங்களைப் போன்ற வேதக்காரர்களுக்கு அது தோதாகப் போயிற்று.

மேஸ்திரி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், பெயர் மாரப்பன். முடிந்த ரோலரைக் கண்ணால் பார்க்கவே மாட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டு, கண்ணை மூடி, முழங்கையின் உள்பக்கச் சதையில் அதை மெதுவாக உருட்டுவார். குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுகிறவர் மாதிரி முகம் இருக்கும். உருட்டிக்கொண்டே போகையில் ஓரிடத்தில் புருவம் நெளிந்தால் நம் கதை முடிந்தது. அவர் யாரையும் திட்டியதில்லை. வேலை நன்றாக இருந்தால், "ம், போடா" என்பார். கெட்டிருந்தால் மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிடுவார். "ஏனுங்க தேவசகாயம், இது ரோலருங்களா, கத்திரிக்காயிங்களா?" அந்த ஒவ்வொரு 'ங்க'வும் முதுகில் விழும். அவரிடம் 'போடா' வாங்கிய நாளில் நான் வீட்டில் கூடுதலாக ஒரு கரண்டி குழம்பு கேட்பேன் என்று என் மனைவி எஸ்தர் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

நாள் முழுவதும் சிமெண்டுத் தரையில் நிற்கிற உத்தியோகம். காலையில் படுக்கையை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி அடித்ததுபோல் இருக்கும். செத்த நேரம் நொண்டினால் மட்டுப்படும். சாயங்காலம் பாதத்தின் நடுவில் திரும்ப வந்துவிடும். எனக்கோ எந்த உபாதை வந்தாலும் முதலில் வாசகசாலைக்குப் போகிற வழக்கம். அங்கே அட்டை போன ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் பாதத்தின் படம் ஒன்று கிடைத்தது. பாதத்தின் உள்பக்க வளைவு ஒரு பாலம் என்றும், அதிகமாக நிற்பவர்களுக்குப் பாலம் தொய்ந்துவிடுகிறது என்றும், அதற்கு முட்டுக் கொடுத்தால் வலி போகும் என்றும் எழுதியிருந்தது. முட்டுக் கொடுக்கும் எஃகுத் தகடு கடல் தாண்டி வர வேண்டும். ஆனால் படத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கள் மேஜைக்கு அடியில் கிடந்த சாக்குத்தான் ஞாபகம் வந்தது. கம்பளி ஃபெல்ட்டும் தோலும் வெட்டிக் கழித்த துண்டுகள் அதில் கிடக்கும். வெளியே கொட்டுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தோம். மேஸ்திரியிடம் கேட்டேன். "தூக்கிட்டுப் போடா" என்றார்.

செய்முறை இதுதான். உள்ளங்காலில் நல்லெண்ணெயும் விளக்குக் கரியும் குழைத்துத் தடவி, பழைய செய்தித்தாளில் ஊன்றி எடுக்க வேண்டும். குதிகாலுக்கும் விரல் மேட்டுக்கும் நடுவே உள்பக்கமாகக் கரி படாத இடம் ஒன்று பிறைபோல விழும். அந்தப் பிறைக்கு ஃபெல்ட் வெட்டு. அதைவிடச் சிறியதாக இன்னொன்று, அதைவிடச் சிறியதாக மற்றொன்று. ஒட்டி அடுக்கி, ஓரத்தைச் சீவிச் சரிவாக்கி, மேலே மெல்லிய தோல் போர்த்திச் செருப்பில் வைத்துத் தைத்துவிடு. உயரத்தில் பேராசை கூடாது. வைத்திருப்பதே மறந்துபோகிற அளவு போதும். ரோலருக்குச் சட்டை போடத் தெரிந்தவனுக்கு இது பெரிய வித்தை இல்லை. எது வலது, எது இடது என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

அதைக் கண்டுபிடித்தவள் எஸ்தர். வாசலைக் கூட்டும்போது என் செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஏங்க, பெருவெரல் பக்கம் பள்ளமாவும் சுண்டுவெரல் பக்கம் மேடாவும் இருக்கே. இங்கிலீஷ்காரன் இப்படித்தான் சொல்லியிருக்கானா?"

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவள் தையலைப் பிரித்து, மேடுகளைச் செருப்பு மாற்றிப் பொருத்திக் கீழே வைத்து, "இப்பம் ஏறி நில்லுங்க" என்றாள். ஏறி நின்றேன். இரண்டு உள்ளங்கைகள் என் பாதங்களை வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது. அதுவரைக்கும் நான் பிரசங்கித்ததெல்லாம் உண்மைதான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியவந்தது.

அதன்பின் மில்லில் நின்று வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என் வீட்டு முற்றத்தில் கரிக் கால்களாக நிற்கும். எடுத்த தடங்களைக் காயவைக்கக் கொடியில் தொங்கவிடுவோம். அப்படித் தொங்கிய தாள்களுக்கு நடுவே நின்றபோதுதான் எனக்கு அந்தப் பிரமிப்பு ஏற்பட்டது. முகத்தைப் பார்த்து நாம் ஆளை அறிகிறோம். முகம் எவ்வளவோ பொய் சொல்லும். பாதத்துக்கு அது தெரியாது. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் வரிசையில் மேலும் கீழும் நடந்துகொண்டே இருப்பவரின் தடம் ஒரு மாதிரி, ஒரே இடத்தில் நின்று நூல் சுற்றும் பெண்ணின் தடம் வேறு மாதிரி. பார்த்த வேலையெல்லாம் உள்ளங்காலில் பதிந்து கிடந்தது. முப்பது எலும்புக்குக் கொஞ்சம் குறைய அதற்குள் இருக்கிறதாம். அதன்மேல்தான் ஒரு குடும்பத்தையே நிறுத்தியிருக்கிறான் ஒவ்வொருவனும். வேதத்தில் பாதம் கழுவிய இடத்தை நான் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன்; பாதத்தைக் கையில் பிடித்துப் பார்த்த பிறகு வாசித்தது வேறாக இருந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் கோதண்டம் வந்தான். எங்கள் மில் கிட்டங்கியில், பஞ்சு சேர்த்துவைக்கிற கூடத்தில், பேல் பேலாக மூட்டை தூக்குகிறவன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், ரயிலில் வந்து போவான். ஆள் உயரமில்லை, ஆனால் பக்கத்தில் வந்து நின்றால் ஒரு தூண் வந்து நின்றதுபோல் இருக்கும். இடது தோளில் ஒரு காய்ப்பு, பாதித் தேங்காய் அளவுக்கு.

"அண்ணாச்சி, நீங்க காலுக்கு மெத்தை செய்தியளாமே?"

"மெத்தை இல்லப்பா, தாங்கி."

"எதா இருந்தா என்ன? இடது காலு வலி எடுத்துக் கொல்லுது. எனக்கு ஒன்னு வேணும். தோல் மட்டும் ஆகாது."

"ஏன், தோல் பட்டா அரிக்குமோ?"

"எனக்கு அரிக்காது. நாச்சியாருக்கு ஆகாது."

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. கோதண்டத்தின் குடும்பம் நாச்சியார் கோயிலில் பல்லக்குத் தூக்குகிற குடும்பம். திருவிழா நாட்களில் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு அவன் தூக்கப் போவான். நாச்சியார் பல்லக்கில் இடது தண்டில் முதல் ஆளாக நிற்கும் இடம் அவனுடையது. அவன் அப்பாவும் அங்கேதான் நின்றார். வெறும் தண்டில் மணல் மூட்டையைக் கட்டிவைத்து ஒத்திகை பார்த்தபோது, தூக்கிகளுக்குத் தலைவரான பெரியவர் இவன் நொண்டுவதைக் கண்டுவிட்டார்.

"என்ன சொன்னார்?"

"மொத ஆளு நொண்டுனா பின்னால வார அம்புட்டுப் பேரும் நொண்டணும்லே, நாச்சியார் ஆடக்கூடாதுன்னாவ. ஆடித் திருவிழாவுக்குள்ள கால் சரியாகணும், இல்லாட்டா என் சித்தப்பன் மவன் நிப்பானாம். ஒரு தடவ எடம் மாறிட்டா மாறினதுதான் அண்ணாச்சி. பொறவு எம் மவனுக்கும் கெடையாது."

"சித்தப்பா மகன்தானே, வேற ஆளா?"

கோதண்டம் தோளில் இருந்த காய்ப்பைத் தடவிக்கொண்டான். "அவன் நிக்கட்டும், நல்ல பயதான். ஆனா அவன் நடை குலுங்கும். உள்ள இருக்கிறது பொம்பளப் புள்ளைல்லா?"

வீட்டில் சமைந்த பெண்ணை வண்டியில் அனுப்புகிறவன் வண்டிக்காரனைப் பற்றிக் கவலைப்படுவது மாதிரிச் சொன்னான்.

தடம் எடுத்தேன். இடது காலில் பிறை கொஞ்சம் குறுகியிருந்தது, அவ்வளவுதான். அதற்கு ஏற்றபடி தோல் இல்லாமல் சுத்தக் கம்பளியில் ஒன்று செய்து, துணிப் பட்டையால் பாதத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும்படி கொடுத்தேன். பல்லக்குக்குக் கீழே செருப்புக் கிடையாது அல்லவா? ஒரு வாரம் கழித்து வந்தான். ஒரு குண்டுமணி அளவுகூட வலி குறையவில்லை. ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது.

தடத்தை எடுத்துக்கொண்டு மேஸ்திரியிடம் போனேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க தேவசகாயம்." மரியாதை வந்துவிட்டது. "மெஷின்ல ரோலரை மாட்டுனா, அதும்மேல என்னங்க தொங்கும்?"

"வெயிட்டுங்க."

"அந்த வெயிட்டு ஏறாம ரோலரு நல்லதா கெட்டதான்னு சொல்லீற முடியுங்களா?"

"முடியாதுங்க."

"இந்த ஆளு வெறும் ஆளா நிக்கறப்பவா காலு வலிக்குதுன்னு சொன்னாரு?"

தாளை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோதண்டத்தின் காலில் கரியைத் தடவினோம். தோளில் ஏற்றப் பாரம் வேண்டும். மில்லிலிருந்து பேலை வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. அரிசி மூட்டை என்று ஒன்றை அந்த யுத்த காலத்தில் கண்ணால் பார்த்தவர் கிடையாது. நான் யோசித்துக்கொண்டு நிற்கையில் எஸ்தர் தாளை விரித்துப் பிடித்தபடி சொன்னாள்: "ஏன் தேடுதிய? நீங்கதான் இருக்கியளே."

கிணற்றடிச் சுவரில் ஏறி, சும்மாடு வைத்த கோதண்டத்தின் இடது தோளில் உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே பல்லக்கு அதுதான். விழுந்துவிடுவேன் என்று அவன் தலையைக் கட்டிக்கொண்டேன்.

"தலமுடிய விடுங்க அண்ணாச்சி. விழமாட்டிய."

சொல்லிவிட்டு நடந்தான். நான் கண்ணைத் திறந்தபோது வேப்பமரம் நகர்ந்து வருகிறது, நான் நகரவில்லை. முற்றத்தில் மேடும் பள்ளமும் எனக்குத் தெரியும், நான் தினமும் தடுக்கி விழுகிற முற்றம். அவை எல்லாம் அவன் முழங்காலிலும் இடுப்பிலும் எங்கேயோ கரைந்துபோயின. ஒன்றுகூட என்வரை ஏறி வரவில்லை. ஒரு தம்ளர் தண்ணீரை என் தலையில் வைத்திருந்தால் அதில் சுழிகூட விழுந்திருக்காது. இந்த நடையையா கால் வலி ஒன்று பறித்துக்கொண்டு போகப் பார்க்கிறது என்று இருந்தது.

தாளில் இடது காலை ஊன்றினான். எஸ்தர் அதை எடுத்துக் காட்டினாள். பிறையே இல்லை. வெள்ளத்தில் பாலம் முழுகினதுபோல் முழுப் பாதமும் கறுப்பாக விழுந்திருந்தது. பாரம் இல்லாதபோது இருந்த வளைவு பாரத்தின்கீழ் அடியோடு மறைந்துவிட்டது. மேஸ்திரி தாளைப் பார்த்ததுமே கண்டது இதைத்தான்.

இரண்டாவது தாங்கியை அந்தத் தடத்துக்குச் செய்தேன். அடியில் இறுகிய ஃபெல்ட், மேலே இளசான ஃபெல்ட், அடுக்கு அடுக்காக ஒட்டி, ஓரத்தில் ஒன்றுமில்லாமல் முடியும்படி சீவி, மேஸ்திரியின் முழங்கைக்கு அனுப்பினேன். கண்ணை மூடித் தடவிப் பார்த்தார். "ம், போடா."

கோதண்டம் அதைக் கட்டிக்கொண்டு பேல் தூக்கினான். சில நாட்களில் காலை வலி போயிற்று, பிறகு சாயங்கால வலியும் போயிற்று. நான் மறுபடியும் காப்பிக் கடைகளில் பேச ஆரம்பித்தேன். "ஒரு துளித் தோல் கிடையாது. அவர்கள் சம்பிரதாயத்தை மதித்துச் சுத்தக் கம்பளியில் செய்திருக்கிறேன்" என்று, நானே நாலு சம்பிரதாயங்களை ஏற்படுத்தியவன் மாதிரிச் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் கோதண்டம் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து பிரித்தான். உள்ளே என் தாங்கி, பறவை கொத்திய பழம் மாதிரிச் சிதைந்து கிடந்தது.

"எங்க தெரு நாய் அண்ணாச்சி. அடுத்த வீட்டுச் செருப்பு அங்கனதான் கெடக்கு, அத ஏறெடுத்தும் பாக்கல. இதத் தேடி வந்து திங்குது. அதுலயும் கம்பளியத் துப்பிட்டு நடுவுல எதையோ நக்குது. நாய் எதுக்கு அண்ணாச்சி கம்பளி திங்கும்?"

"வியர்வை உப்பா இருக்கும். நாய்களுக்கு உப்பு என்றால்..." என்று ஆரம்பித்தேன். பாதியில் வாய் நின்றுவிட்டது.

பசை. எங்கள் டிபார்ட்மெண்டில் வச்சிரம் என்போம். பழுப்புப் பாளமாக வரும். ஊறவைத்து, வெந்நீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டியை வைத்துக் காய்ச்சுவோம். நான் தொழிலில் கற்ற முதல் பாடமே அதுதான். அது எதிலிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும்: மாட்டுத் தோலும் எலும்பும் கொதிக்க வைத்து எடுத்த கூழ். தெரிந்தது ஒரு பக்கம் இருந்தது, வேலை ஒரு பக்கம் இருந்தது. எங்களுக்குத் தோல் என்றால் தோல், பசை என்றால் பசை. தோலை ஒதுக்கிவிட்டேன் என்று பெருமைப்பட்டபடியே ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் அதையே கொதிக்கக் கொதிக்கத் தடவியிருக்கிறேன்.

கோதண்டத்திடம் சொன்னேன். அவன் முகம் இறுகியது. பிறகு மூச்சை விட்டான்.

"நல்லவேளை, எங்க வடம்போக்கித் தெருவுலயே கழத்திப் போட்டுட்டுத்தான் கோயிலுக்குப் போவேன். உள்ள கொண்டுபோவல." சிதைந்த தாங்கியைத் திரும்பப் பார்த்தவனுக்குத் திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. "இம்புட்டுப் படிச்ச உங்களுக்குத் தோணல, அந்த நாய்ப்பயலுக்குத் தோணியிருக்கே அண்ணாச்சி!"

பசை இல்லாமல் அடுக்கை எப்படி நிறுத்துவது? சோற்றுக் கஞ்சி வியர்வையில் கரையும். மரப்பிசின் இறுகிக் குத்தும். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மேஸ்திரி என் மேஜைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஏனுங்க தேவசகாயம், என்ன ரோசனைங்க?"

"பசைக்கு வழி இல்லைங்க."

ஜன்னல் வழியே நூற்புக் கூடத்தைக் காட்டினார். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை ஆயிரக்கணக்கான கதிர்களில் நூல் ஏறிக்கொண்டிருந்தது. "நூல் மில்லுக்குள்ள உக்காந்துட்டுப் பசைக்கு அழுவறீங்களே" என்றார்.

கழிவு நூலை முறுக்கித் தேன்மெழுகு தடவி, மெத்தைக்குத் தைப்பதுபோல் எஸ்தர் அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்தாள். தைத்த முடிச்சுகள் பாதத்தில் உறுத்தாமல் இருக்க எல்லாவற்றையும் அடிப்பக்கமாகத் தள்ளினோம். ஓரத்தைச் சீவ முடியாது, தையல் அறுந்துவிடும். அதனால் கம்பளி இழையை விரலால் பிய்த்துப் பிய்த்தே சரிவாக்கினேன். மேலே பழைய வேட்டித் துணி போர்த்தினோம். கம்பளிக்குத் தீட்டு கிடையாது, மடிதான், ஆட்சேபணை இல்லை என்று கோயிலில் சொல்லிவிட்டார்கள். புண்ணுக்குத் துணி கட்டியவன் பல்லக்கைத் தொடலாம் என்றால் இவனும் தொடலாம் என்று முடிவாயிற்று.

தூக்கிகளின் தலைவர் மட்டும் அதைக் கையில் வாங்கி மோந்து பார்த்தாராம். நாய்க்கதை ஊர் முழுக்கப் போயிருந்தது.

"ஏலே கோதண்டம், அந்த நாய்ட்டக் காட்டுனியா?"

"காட்டிட்டேன் மாமா. மோந்து பாத்துட்டு, திரும்பிப் படுத்துக்கிட்டு."

"அப்பம் சரி" என்று சொல்லிவிட்டாராம். என் கைவேலைக்கு மேஸ்திரியின் முழங்கைக்கு அடுத்தபடியாகக் கிடைத்த சான்று அது.

திருவிழாவில் நாச்சியார் பல்லக்கு காலையில் புறப்பட்டது. நான் மில்லுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். தேர் வீதியில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தூசி அடங்கத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். முதல் வீதியைத் தாண்டி இரண்டாவது வீதியில், கூட்டத்தில் முன்வரிசையாக இடம்பிடித்து நின்றேன். எங்கள் பாதிரியார் கண்ணில் படக்கூடாது என்று துண்டைத் தலையில் முக்காடு மாதிரிப் போட்டிருந்தேன்.

மேளம் திரும்பியது. குடை தெரிந்தது. கூட்டம் மொத்தமும் கைகளைத் தலைக்குமேல் தூக்கியது. நான் குனிந்தேன்.

இடது தண்டு, முதல் ஆள். வேட்டியை வரிந்து கட்டிய கால். பாதத்தைச் சுற்றி எஸ்தர் கிழித்துக் கொடுத்த வெள்ளைப் பட்டை. அந்தக் கால் முன்னால் வந்தது. குதிகால் தரையைத் தொட்டது, கேட்டுக்கொண்டு தொடுவதுபோல. பிறகு பாதத்தின் வெளிப்பக்கம், பிறகு விரல் மேடு, கடைசியாக ஐந்து விரலும் விரிந்து ஈர மண்ணைப் பற்றின. பின்னங்காலில் நரம்பு ஒன்று எழுந்து அடங்கியது. முழங்கால் ஒரு நூல் மடிந்து அந்த அடியின் அதிர்ச்சியைத் தன்னோடு வைத்துக்கொண்டது. அடுத்த கால் வந்தது. அவனுக்குப் பின்னால் தண்டு நெடுக இருந்த கால்கள் அத்தனையும் அதே அடியைத் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தன. மேலே இருந்தது அசையவில்லை. அது அசையாமல் இருப்பதற்குக் கீழே எத்தனை எத்தனை அசைவு! நான் ஆயுள் முழுதும் ரோலர் பார்த்தவன். எந்த மெஷினிலும் இப்படி ஒரு ஓட்டத்தைப் பார்த்ததில்லை. கல் ஒன்று நடுத்தெருவில் துருத்திக்கொண்டிருந்தது. அந்த இடது கால் அதன்மேல் ஏறி, இறங்கிப் போயிற்று. பல்லக்கின் குஞ்சத்தில் ஒரு இழைகூட ஆடவில்லை.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சுற்றிலும் எல்லோருக்கும் நிறைந்திருந்தது. அவர்களுக்கு மேலே பார்த்து, எனக்குக் கீழே பார்த்து.

பக்கத்தில் நின்ற பூக்காரம்மா என் விலாவில் இடித்தாள். "ஏய்யா, ஊரே சாமியப் பாக்கு. நீ தரையில என்னத்தத் தொலைச்ச?"

பல்லக்கோடு கூடவே கடைசி வீதிவரை நடந்தேன். நிலை சேரும்வரை அந்தக் கட்டுப்போட்ட காலை விட்டு என் கண் நகரவில்லை. இதை நாம் தாங்கியிருக்கிறோம் என்ற நினைப்பு எனக்குள் அடிக்கடி தலையெடுத்தது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோதண்டம் ஒரு தூக்குச்சட்டியில் சர்க்கரைப் பொங்கலோடு வீட்டுக்கு வந்தான். "நீங்க சாப்புடுவியளோ என்னமோ" என்று தயங்கினான். எஸ்தர் வாங்கி வைத்துக்கொண்டாள். தலைவர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். அந்த இடம் அவனுக்குத்தான், அவனுக்குப் பின் அவன் மகனுக்குத்தான் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டாராம்.

"தாங்கி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

கோதண்டம் காதைச் சொறிந்தான். "அது மொத வீதி முக்குத் திரும்பும்போதே நழுவிட்டு அண்ணாச்சி. தண்ணி தெளிச்சிருந்தாவல்லா, கட்டு நனைஞ்சு இளகிட்டு. துணி மட்டும் காலோட வந்துச்சு, உள்ள இருந்த மெத்தை விழுந்துட்டு. நாச்சியாரத் தோள்ல வச்சுக்கிட்டுக் குனிஞ்சு தேடவா ஏலும்? பின்னால ஒரு அம்மா அத எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டு மடியில முடிஞ்சுக்கிட்டாவ."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நடந்தேன்."

"வலி?"

"இருந்துச்சோ என்னமோ. அந்நேரம் காலப் பத்தி யாருக்கு நெனப்பு?" என் முகத்தைப் பார்த்திருப்பான்போலும், அவசரமாகச் சொன்னான்: "இத்தன நாளும் நீங்க கட்டச் சொன்னதுலதான் கால் தேறுச்சு அண்ணாச்சி. சத்தியமா."

கல்லின்மேல் ஏறி இறங்கிய அந்தக் கால் மறுபடி கண்முன் வந்தது, இந்த முறை அடியில் ஒன்றும் இல்லாமல். முன்னைவிடப் பெரிதாக இருந்தது.

எஸ்தர் பொங்கலை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டே அடுப்படியிலிருந்து கேட்டாள்:

"அப்பம் அம்புட்டு நேரமும் நீங்க வெறுங்காலப் பாத்தா அழுதிய?"